ஒரு பிளவு, இரண்டு நோய்கள்

டர்போ எஞ்சினில் காற்றுக் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாணவர்களே! சைக்கிள் டியூபில் பஞ்சரைக் கண்டுபிடிப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் டியூபை வெளியே எடுத்துக் காற்றடிக்கிறார். தண்ணீர்த் தொட்டியில் பகுதி பகுதியாக அமிழ்த்துகிறார். குமிழ்கள் வரும் இடத்தைத் துடைத்து அடையாளம் செய்கிறார். இரண்டு நிமிட வேலை.

பல இலட்சம் ரூபாய் விலையுள்ள காரில் இதே வேலை சில சமயம் வாரக்கணக்கில் இழுத்துவிடுகிறது. என் நண்பர் ஒருவரின் டர்போ பெட்ரோல் காரில் இரண்டு குறைகள் இருந்தன. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து கரும்புகை வரும். ஒரு பணிமனையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். இன்னொரு பணிமனையில் விலை உயர்ந்த ஓர் உணர்கருவியையே மாற்றினார்கள். குறைகள் அப்படியே இருந்தன. மூன்றாவதாகப் பார்த்த முதிய மெக்கானிக் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, அது காற்றை இழுக்கும் குழாயின் வாயை அடைத்து, உள்ளே மெல்லக் காற்றடித்தார். பிறகு சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே போனார். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாயின் அடிப்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நுரை பொங்கியது. குழாயை மாற்றியதும் இரண்டு குறைகளும் மறைந்தன.

நிற்கும்போது ஒரு நோய், ஏறும்போது வேறொரு நோய். இரண்டுக்கும் காரணம் ஒரே பிளவு. இது எப்படி நேர்கிறது? நீங்கள் படித்த அழுத்தம், அடர்த்தி, பரப்பு இழுவிசை ஆகிய பாடங்களே இதற்கு விடை சொல்லும்.

எஞ்சினின் உணவு

எஞ்சினுக்கு உணவு பெட்ரோல் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது உண்பதில் மிகப் பெரும்பகுதி காற்றே. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. 1 லிட்டர் பெட்ரோல் எரிவதற்குச் சுமார் 11 கிலோகிராம் காற்று, அதாவது ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும்!

ஆகவே எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட விரும்பினால், சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் பூக்கி என்ற பொறியியலார் இதற்கு ஒரு வழி கண்டார். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையில் நிறைய ஆற்றல் வீணாகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுழற்றலாம். அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். இக்கருத்துக்கு அவர் 1905-இல் காப்புரிமை பெற்றார். இதுவே டர்போசார்ஜர் ஆகும். விற்பனைக்கு வந்த கார்களில் இது முதன்முதலாக 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர் ஆகியவற்றில் இடம் பெற்றது. இன்று நம் சாலைகளில் ஓடும் லாரிகள், பேருந்துகள், டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் டர்போ உண்டு. பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் உண்டு.

கார்களில் உள்ள சிறிய டர்போவின் அச்சு நிமிடத்துக்கு 1 இலட்சம் முறைக்கு மேலும் சுழலும். அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது; சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. எனவே அதை ‘இன்டர்கூலர்’ என்னும் குளிர்விப்பானின் வழியாகச் செலுத்திக் குளிரவைத்து, பிறகு எஞ்சினுக்குள் அனுப்புகிறார்கள்.

காற்றை நிறுக்கும் கம்பி

எவ்வளவு காற்று வருகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைத்தான் தெளிக்க வேண்டும். இதற்குப் பல எஞ்சின்களில் காற்று வடிகட்டியை அடுத்து ஒரு ‘காற்றளவி’ வைக்கப்பட்டுள்ளது. நண்பரின் காரில் வீணாக மாற்றப்பட்டது இதுதான். இதனுள் மெல்லிய கம்பி ஒன்று மின்னோட்டத்தால் சூடாக்கப்படுகிறது. அதன் மீது காற்று ஓடும்போது கம்பி குளிர்கிறது. அதை மீண்டும் அதே சூட்டில் நிறுத்தி வைக்கக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படுகிறது. எவ்வளவு கூடுதல் மின்னோட்டம் என்பதிலிருந்து, எத்தனை கிராம் காற்று சென்றது என்று எஞ்சினின் கணிப்பொறி அறிந்துகொள்கிறது. சூடான தேநீரை ஊதிக் குடிக்கும் நமக்கு இத்தத்துவம் புதிதன்று!

காற்றளவி ஒரு மண்டபத்தின் வாயிற்காப்போனைப் போன்றது. உள்ளே செல்பவர்களை எண்ணிச் சொல்கிறது. அந்த எண்ணிக்கைக்கு ஏற்பச் சமையல் நடக்கிறது. ஆனால் மண்டபத்துச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தால்? எண்ணப்படாதவர்கள் அதன் வழியே நுழைந்துவிடலாம். எண்ணப்பட்டவர்கள் வெளியேறியும் விடலாம். காப்போன் மீது குற்றமில்லை. ஆயினும் கணக்குத் தவறிவிடும்.

மூன்று பகுதிகள்

காற்று செல்லும் வழியை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதற்பகுதி, காற்றளவிக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாய். இங்கே டர்போ காற்றை உறிஞ்சுவதால் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இங்கு ஓட்டை விழுந்தால் எண்ணப்படாத காற்று உள்ளே வரும். பெட்ரோல் போதாது.

இரண்டாம் பகுதி, டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகத் திராட்டில் வால்வு வரை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது இந்த வால்வுதான். எஞ்சின் வேலையின்றி மெதுவாக ஓடும்போது, அதாவது ஐடிலிங்கில், இப்பகுதியின் அழுத்தம் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தமே. ஆகவே சிறு பிளவு இருந்தாலும் தெரியாது. டர்போ முழுமூச்சாக ஓடும்போது இங்கு அழுத்தம் மிகும். எண்ணப்பட்ட காற்று வெளியேறிவிடும். காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் எரியாமல் கரும்புகையாகும்.

மூன்றாம் பகுதி, திராட்டில் வால்வுக்கும் சிலிண்டர்களுக்கும் இடைப்பட்டது. இது விந்தையானது. ஐடிலிங்கில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் காற்றை இழுக்கின்றன. எனவே இங்கு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். மேட்டில் ஏறும்போதோ டர்போ தள்ளும் காற்றால் இதே இடத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை மிஞ்சும். ஆகவே இங்குள்ள ஓட்டை ஒரு நேரம் காற்றை உறிஞ்சும். இன்னொரு நேரம் வெளியே ஊதும். நண்பரின் காரில் பிளந்திருந்தது இப்பகுதியைச் சேர்ந்த குழாய்தான்.

டீசல் எஞ்சின்களில் காற்றை இப்படி நெருக்கிப் பிடிக்கும் வால்வு பொதுவாக வேலை செய்வதில்லை. எனவே அவற்றில் முதல் நோய் தெரியாது; இழுவைக் குறைவும் கரும்புகையும் மட்டுமே தெரியும்.

துளையைக் கணக்கிடுவோம்

ஒரு சிறு துளை இவ்வளவு தொல்லை தருமா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஜெர்மனியின் ஆடி நிறுவனம் 1995-இல் ஏ4 காரில் அறிமுகம் செய்த டர்போ எஞ்சினின் கொள்ளளவு 1781 கன சென்டிமீட்டர். அந்த அளவுள்ள எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் பகுதியில் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இருப்பதாகக் கொள்வோம்.

ஐடிலிங்கில் இத்தகைய எஞ்சினுக்கு வினாடிக்குச் சுமார் 3 கிராம் காற்று போதும். துளையின் வெளியே 1 வளிமண்டல அழுத்தம்; உள்ளே அதில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது காற்று துளையின் குறுகிய இடத்தில் ஒலியின் வேகத்தை எட்டிவிடும். கணக்கிட்டால் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 கிராம் காற்று உள்ளே புகும். 3 கிராமில் 0.6 கிராம் என்பது ஐந்தில் ஒரு பங்கு! குண்டூசித் தலை அளவுள்ள துளை எஞ்சினை நடுங்க வைப்பதில் வியப்பென்ன?

இனி மேட்டில் ஏறுவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. உள்ளே காற்றழுத்தம் 1.6 வளிமண்டலம். இப்போது எஞ்சின் வினாடிக்கு ஏறத்தாழ 70 கிராம் காற்றை உட்கொள்ளும். அதே துளையின் வழியே வெளியேறுவது சுமார் 0.9 கிராம். அதாவது நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல். ஓட்டுநருக்கு இது தெரியவே தெரியாது.

அப்படியானால் நண்பரின் காரில் கரும்புகை ஏன் வந்தது? இங்கேதான் துளைக்கும் பிளவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ரப்பர் குழாய் வெப்பத்தாலும் எண்ணெயாலும் நாளடைவில் இறுகி வெடிக்கிறது. உள்ளே அழுத்தம் குறையும்போது வெடிப்பின் இரு உதடுகளும் நெருங்கி, சிறு இடைவெளியே எஞ்சுகிறது. உள்ளே அழுத்தம் மிகும்போது குழாய் உப்பி, உதடுகள் விரிகின்றன. 3 சென்டிமீட்டர் நீளமுள்ள வெடிப்பு 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்தால், பரப்பு 60 சதுர மில்லிமீட்டர். அதன் வழியே வினாடிக்கு ஏறத்தாழ 17 கிராம் காற்று வெளியேறிவிடும். இது எஞ்சினின் உணவில் கால் பங்கு! இப்போது புரிகிறதல்லவா, ஒரே பிளவு இரண்டு நோய்களையும் தந்த விதம்?

இத்தகைய எஞ்சின்களில் புகைக் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் உணர்கருவி, பெட்ரோல் மிகுந்ததா, குறைந்ததா என்று கணிப்பொறிக்குச் சொல்கிறது. கணிப்பொறி அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். ஆனால் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. அந்தத் திருத்தத்தின் அளவை ஒரு கருவியால் படித்துப் பார்க்கலாம். ஐடிலிங்கில் கணிப்பொறி அதிகப் பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினைச் சற்று வேகமாக ஓட்டியதும் சேர்க்கும் அளவு குறைகிறது. இப்படி இருந்தால் மூன்றாம் பகுதியில் கசிவு என்று ஐயுறலாம். ஏனெனில் கசிவு 0.6 கிராம் அளவில் நின்றுவிட, எஞ்சின் உண்ணும் அளவு 3 கிராமிலிருந்து 10 கிராமாக உயர்ந்தால், கசிவின் பங்கு நூற்றுக்கு 20-இலிருந்து 6 ஆகக் குறைந்துவிடுகிறது.

எல்லா எஞ்சின்களிலும் காற்றளவி இல்லை. சிலவற்றில் உள்ளழுத்தத்தை அளந்தே காற்றைக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் கசிவின் அறிகுறிகள் வேறுபடும். ஆனால் கசிவைத் தேடும் முறை ஒன்றே.

தேடும் முறை

எஞ்சின் ஓடும்போது கசிவைக் காதால் தேடுவது கடினம். விசிறியின் இரைச்சலும் எஞ்சினின் இரைச்சலும் அதை மறைத்துவிடும். மேலும் விரியும் வகைப் பிளவுகள் அழுத்தம் மிகும்போதுதான் வெளிப்படும். அப்போது கார் மேட்டில் ஓடிக்கொண்டிருக்கும்! எனவே எஞ்சினை நிறுத்தி, குளிர விட்டு, செயற்கையாக அழுத்தம் தருவதே நல்ல முறை.

டர்போவின் காற்று நுழைவாயிலில் ஒரு மூடியைக் கிளிப் போட்டு இறுக்குவார்கள். மூடியில் டயர் வால்வு போன்ற ஒரு வாய் இருக்கும். அதன் வழியே, அழுத்தச் சீராக்கி பொருத்திய கம்ப்ரசரிலிருந்து காற்றைச் செலுத்துவார்கள். முதலில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.2 அல்லது 0.3 பார் போதும். (1 பார் என்பது 1,00,000 பாஸ்கல், ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்.) தேவையானால் சிறிது சிறிதாகக் கூட்டலாம். அந்த எஞ்சினில் டர்போ வழக்கமாகத் தரும் அழுத்தத்தை ஒருபோதும் மிஞ்சக் கூடாது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? மூடியின் விட்டம் 6 சென்டிமீட்டர் எனில் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். 0.3 பார் அழுத்தத்தில் அதன் மீது சுமார் 85 நியூட்டன் விசை, அதாவது 8 அல்லது 9 கிலோகிராம் எடை தள்ளுவது போன்ற விசை செயல்படும். 1 பாரில் இது ஏறத்தாழ 29 கிலோகிராம் எடைக்குச் சமம். சீராக்கி இல்லாமல் கம்ப்ரசர் தொட்டியின் 8 பார் அழுத்தமும் நேராக வந்தால் 230 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை! மூடி குண்டு போலப் பாயும். எனவே மூடிக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. மாணவர்களாகிய நீங்கள் இச்சோதனையைத் தனியே செய்ய முயலக் கூடாது. பழகியவர் செய்யும்போது ஒதுங்கி நின்று பார்க்கலாம்.

பெரிய கசிவு ‘புஸ்’ என்ற ஒலியாலேயே தெரிந்துவிடும். ஒரு நீண்ட ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு, மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்திக்கொண்டே சென்றால் ஒலி பிறக்கும் இடம் புலப்படும். மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பைப் போன்றதே இது. சிறிய கசிவுகளுக்குச் சோப்பு நீர் உதவும்.

சோப்பு நீர் ஏன் காட்டிக்கொடுக்கிறது?

ஒரு சோப்புக் குமிழின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும். அந்த மிகை, பரப்பு இழுவிசையின் நான்கு மடங்கை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.025 நியூட்டன். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழுக்கு வேண்டிய மிகை அழுத்தம் 100 பாஸ்கல் மட்டுமே. நாம் தருவதோ 0.3 பார், அதாவது 30,000 பாஸ்கல். ஆக, குமிழ் உண்டாவதற்கு மிகக் குறைந்த அழுத்தமே போதும். அழுத்தத்தைக் கூட்டுவது குமிழுக்காக அன்று. பிளவின் உதடுகளை விரிப்பதற்காகத்தான்.

கசிவு மிகப் பெரிதானால் சோப்பு நீர் சிதறிவிடும், குமிழே வராது. ஆகவே குமிழ் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் காது, பிறகு சோப்பு நீர் என்பதே முறை.

கை எட்டாத இடங்களுக்குப் புகைக் கருவி உண்டு. தனி வகை எண்ணெயைச் சூடாக்கி உண்டாக்கும் வெண்புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் குழாய்க்குள் செலுத்துவார்கள். கசிவுள்ள இடத்தில் புகை நூலிழைபோல எழும். ஓடும் எஞ்சினின் மீது எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளித்து, எஞ்சினின் ஓட்டம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. சூடான புகைக் குழாயின் அருகே இது தீ விபத்துக்கு வழி வகுக்கும். இதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

கசிவு அல்லாத கசிவு

சைக்கிள் டியூபுக்கும் எஞ்சினுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. டியூப் முழுவதும் மூடியது, எஞ்சின் அப்படியன்று. நின்றிருக்கும் எஞ்சினில் ஏதேனும் ஒரு சிலிண்டரின் காற்று வால்வும் புகை வால்வும் சிறிது திறந்திருக்கலாம். அப்போது காற்று புகைக் குழாய் வழியே வெளியேறும். பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய் ஊற்றும் வாயிலும் சிறிது வரும். இவை நோயல்ல, எஞ்சினின் இயல்பு. எனவே அழுத்தமானியின் முள் இறங்குகிறது என்பதால் மட்டும் குழாயில் ஓட்டை என்று சொல்ல முடியாது. எஞ்சினின் அச்சைக் கையால் சிறிது திருப்பி வைத்து மீண்டும் பார்ப்பார்கள். ‘கசிவு உண்டா?’ என்று கேட்பதைவிட, ‘கசிவு எங்கே?’ என்று கேட்பதே இங்குச் சரியான கேள்வி.

செய்து பாருங்கள்

ஊசி இல்லாத ஒரு புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூக்கில் ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்துங்கள். மறுமுனையை மடித்து நூலால் இறுகக் கட்டுங்கள். குழாயின் நடுவில் தடித்த ஊசியால் ஒரு துளையிட்டு, அந்தப் பகுதியை நீரில் அமிழ்த்துங்கள். தண்டைத் தள்ளினால் குமிழ்கள் வெளிவரும். இழுத்தால் நீர் உள்ளே ஏறும். துளை ஒன்றே; திசைதான் இரண்டு.

இன்னொரு குழாயில் துளைக்குப் பதிலாக, பெரியவர் உதவியுடன் பிளேடால் நீளவாக்கில் ஒரு சிறு கீறல் போட்டுப் பாருங்கள். தள்ளும்போது குமிழ்கள் தாராளமாக வரும். இழுக்கும்போது உதடுகள் நெருங்கி, நீர் ஏறுவது பெரும்பாலும் குறைந்துவிடும். நண்பரின் காரில் நடந்தது இதுவே.

அவருடைய கார் வாரக்கணக்கில் குணமாகாததற்குக் காரணம், நோய் கடினமானது என்பதன்று. அறிகுறியைக் கண்டவுடன் பாகத்தை மாற்றினார்கள். அந்தப் பாகம் குற்றவாளிதானா என்று யாரும் சோதிக்கவில்லை. எஞ்சினின் உட்புறத்தை நம்மால் பார்க்க முடியாதுதான். ஆனால் அழுத்தம் தந்தால் காற்று தானே வெளிவந்து தன் வழியைக் காட்டும். மாற்றுவதற்கு முன் சோதிப்பதே அறிவியல் முறை. பஞ்சர்க் கடைக்காரர் அதைத்தான் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார்.

சிந்திக்க

1. காற்றளவிக்கு முன்னால், வடிகட்டியின் பெட்டியில் ஓட்டை விழுந்தால் எஞ்சினின் கணக்குத் தவறுமா? வேறு என்ன தீமை விளையும்?

2. கசிவைச் சரிக்கட்ட டர்போ வழக்கத்தைவிட வேகமாகச் சுழல நேர்ந்தால், உள்ளே செல்லும் காற்றின் வெப்பநிலை என்னவாகும்?

3. மூடியின் விட்டம் 6 சென்டிமீட்டருக்குப் பதிலாக 9 சென்டிமீட்டர் எனில், 0.3 பார் அழுத்தத்தில் அதன் மீது செயல்படும் விசை எவ்வளவு?